சுண்ணாம்பு உதிர்ந்த இடம்

அன்று அந்த டீக்கடைக்கு முன்னால் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். என் மனைவியின் தம்பி. எங்கள் பட்டறையில் லேத் வேலை முழுக்க அவன் கையில்தான். நாங்கள் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர், வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அதே மாதிரிக் காரைத் தாங்களும் வாங்கியிருந்த அவருடைய நண்பர்கள் இருவர்: ஒருவருக்குச் சக்குபள்ளத்தில் தோட்டம், மற்றவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் விடுபவர். டீக்கடைக்காரர் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை. ஆள் கணக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. நான் பார்த்த ஒன்றை மற்ற நான்கு பேரிடமும் அங்கே வைத்துச் சொல்லவில்லை.

எங்கள் பட்டறை முதலமடைப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மாங்காய் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் இடத்தில் சேர்ந்தவன் நான். பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டு, ஜீப்புக்கும் காருக்கும் ஷாக் அப்சார்பர் பிரித்துச் சரிசெய்தேன். அதன்பின் புதிதாகவே செய்து கொடுக்கவும் ஆரம்பித்தோம். அந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்த புதிதில் வண்டன்மேட்டுக்காரர் எங்களைத் தேடி வந்தார். கம்பெனி ஷாக் நல்ல ரோட்டுக்குத்தான் லாயக்கு, தோட்டத்து ரோட்டில் அடி தட்டுகிறது, வளைவில் வண்டி சாய்கிறது என்றார். கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் இறுக்கமாக ஒரு செட் வேண்டும். நண்பர்கள் இருவரும் தங்களுக்கும் அதே செட் வேண்டும் என்று ஆளுக்குப் பதினைந்தாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டார்கள். அது அப்படியே ஸ்பிரிங் கம்பிக்கும் குழாய்க்கும் போயிற்று.

நான் பயந்த சுபாவம். பட்டறையின் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "மாமா இழுத்து இழுத்தே பூட்டு தேஞ்சு போச்சுங்க" என்பான் மச்சினன். ஒரு போல்ட்டை நான் மூன்று தடவை முறுக்கினால், நான்காவது தடவைக்கு ஸ்பேனரை அவனே எடுத்து நீட்டுவான். அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனின் பயத்துக்கு விலை கிடையாது. அவனுக்கே அதில் நம்பிக்கை இருக்காது.

அதனால்தான் சுண்ணாம்பு. மச்சினன் வெற்றிலை போடுகிறவன். அவன் சுண்ணாம்பு டப்பியிலிருந்து எடுத்து, காரின் அடியில் எது எதோடு உரசும் என்று சந்தேகம் வருகிறதோ அங்கெல்லாம் விரலால் பூசிவிடுவேன். வண்டி ஓடித் திரும்பி வந்ததும் பார்த்தால், உரசிய இடத்தில் சுண்ணாம்பு இருக்காது. படித்தவர்கள் இதற்குக் கருவி வைத்திருப்பார்கள். எனக்கு இதுதான் தெரியும்.

கார் மூன்று வாரம் எங்களிடம் இருந்தது. பக்கத்து சீட்டிலும் டிக்கியிலும் மாங்காய் நிரப்பிய கிரேட்டுகளை அடுக்கி, குண்டும் குழியுமான கோடவுன் ரோட்டில் ஓட்டினோம். லோடுமேன் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் காருல மாங்கா ஏத்துனா கட்டுப்படியாகுமுங்களா?" என்று கேட்டார். "டெல்லிக்கே அரை நாள்ல போயிருமுங்க" என்றான் மச்சினன்.

ஒரு மத்தியானம் கோடவுன் வாசலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பிவிட்டுக் குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்துப் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயில், ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை. அந்தக் குழாய் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போகிறது. கிண்ணம் நாங்கள் கடைந்தது.

"மாப்ள, இங்க பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். "காத்துல உதிர்ந்திருக்குமுங்க மாமா. அந்தப் போல்ட்டுலயும்தான் இல்ல. அது எதுல போயி உரசும்?"

அதுவும் உண்மைதான். எங்கள் பக்கம் அடிக்கிற வறண்ட காற்றில் சுண்ணாம்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். பத்து இடத்தில் உதிர்ந்திருந்தது. நான் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், குழாய் தொடவில்லை. சக்கரத்தைத் தரையில் வைத்து ஒடித்துப் பார்த்தேன், அப்போதும் தொடவில்லை. தொங்கவிட்டு ஒடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நூறு விஷயத்துக்குப் பயந்தவன், அந்த ஒன்றைக் காற்றின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இனி டீக்கடைக்கு வருகிறேன். மலையில் கடைசிச் சோதனை அது. கீழே புதிதாகச் சுண்ணாம்பு பூசிவிட்டு ஏறி வந்தோம். சொந்தக்காரர் ஓட்ட, நான் பக்கத்தில். கழற்றி வைத்த கம்பெனி ஷாக்குகளோடு மச்சினன், நண்பர்கள் இருவரும் வந்த ஜீப்பில் பின்னால் வந்தான். வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு வளைந்தது. டீக்கடைமுன் நிறுத்தியதும் சொந்தக்காரர் சிரித்தபடியே இறங்கினார்.

"என்னாண்ணே இது, தண்டவாளத்துல போற மாதிரில்ல இருக்கு!"

ஜீப்காரர் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "வெள்ள வெள்ளயா என்னாப்பா பூசியிருக்கு? வண்டிக்கும் வெத்தல குடுத்தீகளாக்கும்?"

"பாக்கு மட்டும் நீங்க போடுங்க" என்றார் சக்குபள்ளத்துக்காரர். எல்லோரும் சிரித்துக்கொண்டே டீயைப் பார்த்து நகர்ந்தார்கள்.

நான் குனிந்தேன். மலையில் பனி மூட்டம், காற்றே இல்லை. போல்ட்டில், கம்பியில், கிளிப்பில், பூசிய எல்லா இடத்திலும் சுண்ணாம்பு தயிர்போல ஈரமாக அப்படியே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இல்லை. அதே குழாய், அதே ஒரு விரல் அகலம். தொட்டுப் பார்த்தேன். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நகத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது உள்பக்கச் சக்கரம் தொங்கும். ஸ்டீயரிங்கும் அப்போது முழுக்க ஒடிந்திருக்கும். இரண்டும் ஒன்றாக நடக்கும்போது குழாய் விறைத்துக் கிண்ணத்தின் விளிம்பில் உரசித் தேய்கிறது.

"அண்ணே, டீ ஆறுது!"

எழுந்து போய் டீயைக் குடித்தேன். நண்பர்கள் இருவரும் தங்கள் செட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். "பாத்துச் சொல்றனுங்க" என்றேன். ஒரு வேளை பூசும்போதே சுண்ணாம்பு சரியாக ஒட்டவில்லையோ என்றது மனசு. நீதான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனாயிற்றே என்றது. முன்பணம் முப்பதாயிரம் என்றும் சொன்னது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"மலய எறங்கியும் பாத்துருவமா?" என்றார் சொந்தக்காரர். நான் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். என் வலது காலும் வெறும் தரையை மிதித்தது. "மெல்லப் போங்க" என்றேன். "பயப்படாதீங்கண்ணே, நீங்க செஞ்ச சாமான்தானே" என்றார். இரண்டாவது வளைவில் அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டுகிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது வளைவில் கீழே பள்ளம் தெரிந்தது.

"நிறுத்துங்க. ஓரமா நிறுத்துங்க."

இறங்கிப் போய்க் குழாயைக் காட்டினேன். அவர் விரலை வைத்துப் பார்த்தார்.

"இது இப்ப மூணு வளவுல தேஞ்சதில்லண்ணே."

"இல்லீங்க."

"மேலயே பாத்துட்டீங்க."

"பாத்தனுங்க."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மதில் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் வந்த ஜீப்பிலிருந்து மற்ற மூவரும் இறங்கினார்கள். அவர்களிடமும் சொன்னேன், டீக்கடையில் பார்த்ததையும் சேர்த்து. மச்சினன் குழாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அன்னிக்கு நாந்தானுங்க காத்துன்னு சொன்னேன்" என்றான். அவன் சொன்னான் என்பது சரி. ஆனால் அவன் பார்த்தது சுண்ணாம்பை மட்டும்தான். பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தவன் நான்.

நல்லவேளையாக ஜீப்பில் ஷாக்குகளோடு, புதிதாக வாங்கிய கம்பெனிக் குழாய்கள் இரண்டையும் வைத்திருந்தோம். நான் தேவையில்லாமல் வாங்க வைத்தேன் என்று மச்சினன் திட்டிய சாமான். ரோட்டோரத் தூறலில் இரண்டு மணி நேரம் வேலை செய்து, எங்கள் செட்டைக் கழற்றிக் கம்பெனி ஷாக்குகளையும் புதுக் குழாய்களையும் மாட்டினோம். வழக்கமாக ஒரு போல்ட்டுக்கு ஒரு கேலி வரும். அன்று ஸ்பேனர் சத்தம் மட்டும்தான்.

கிளம்பும்போது ஜீப்காரர் சொன்னார், "வேல தெரியாதவர்னு சொல்லல. எங்க பணத்த மட்டும் குடுத்துருங்க." சக்குபள்ளத்துக்காரர் தலையாட்டினார்.

கிண்ணத்தின் விளிம்பை உருட்டிக் கடைந்தோம். குழாயைப் பிடிக்கும் கிளிப்பை ஒன்றரை அங்குலம் பின்னால் தள்ளி வைத்தோம். அடுத்த மாதம் வண்டன்மேட்டுக்காரர் காரை மறுபடி அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. இப்போது அந்த செட்டோடுதான் மலையில் ஓட்டுகிறார். மாதம் ஒரு தடவை போன் வரும். எடுத்ததும் அவர் நலம் விசாரிப்பதில்லை. "என்னாண்ணே, பாத்துட்டுச் சொல்லாம எதுவும் பாக்கி இருக்கா?" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இல்லை என்கிறேன்.

பூட்டை இன்னும் இழுத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இப்போது தெரியும். பயம் எந்த நாளும் என்னைத் தடுத்ததில்லை, அலைக்கழிக்க மட்டுமே செய்தது. கையில் பள்ளம் தட்டுப்பட்ட பிறகும் மூன்று வளைவு போனவன் நான்.

நண்பர்கள் இருவருக்கும் திருப்ப வேண்டியது முப்பதாயிரம். ஜீப்காரருக்கு முழுதாகக் கொடுத்தாயிற்று. சக்குபள்ளத்துக்காரருக்கு நாலாயிரம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதினோராயிரம் பாக்கி.