பழையபாளையம் மீட்கப்பட்ட காலை

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ராஜபாளையத்தில் பழையபாளையம் முழுவதையும் நான் அழித்தேன். பெட்ரோல், தீப்பெட்டி எதுவும் தேவைப்படவில்லை. கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் போதுமானதாக இருந்தது.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் போய் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்து வந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பதுதான் தொழில். மூன்று மாதக் கோர்ஸ் ஒன்றை முடித்ததற்கு எனக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குக் கண்ணாடி போட்டு என் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு "வேற ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள்.

சென்டரின் உரிமையாளர் ஒரு பெண்மணி. ஊரே அவரை அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் சுத்தமான ராஜபாளையத் தமிழ். பதற்றம் வந்தால் மட்டும் வீட்டு மொழி கடைக்கு வந்துவிடும்.

எங்களிடம் வந்த வேலைகளில் மரியாதையான வேலை ஒன்றே ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திய பேராசிரியை ஒருவர், இரண்டு ஊர்களின் கடைப் பெயர்ப்பலகைகளில் வழங்கும் தமிழைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். நோட்டும் கையுமாகத் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு பலகையையும் எழுதி வைத்திருந்தார். பால்கோவாக் கடைகளில் புழங்கும் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு மட்டுமே தனி அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். நான் அடிக்கும் வேகம் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வந்து உட்கார்ந்து அடித்து, ஒரு காப்பியை ஃப்ளாப்பியிலும் எடுத்துப் போவார்.

ஆய்வு தொடங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. பல்கலைக்கழகம் இரண்டு முறை அவகாசம் கொடுத்துவிட்டது. விஜயதசமிக்கு மறுநாள்தான் கடைசி நாள். அன்று மாலைக்குள் மதுரையில் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் பலகைகளோடு பலகையாகத் தெருவில் நின்றுவிடும். மற்ற அத்தியாயங்களைப் பிரிண்ட் எடுத்து முடித்திருந்தார். கடைசி இரண்டு மட்டும் திருத்தத்தில் இருந்தன. இரண்டுமே பழையபாளையத்துக் கடைகளைப் பற்றியவை.

இனி என் பங்கு.

பூஜைக்கு முந்தின நாள் அக்கா கடையைக் கழுவிவிட்டு, ஸ்டேப்ளர் முதல் கத்தரிக்கோல் வரை துடைத்துக்கொண்டிருந்தார். வெளிப்புறத்தை யார் வேண்டுமானாலும் துடைக்கலாம், கம்ப்யூட்டரின் உள்ளே துடைக்கச் சான்றிதழ் வாங்கிய ஒருவனால்தானே முடியும் என்று எனக்குத் தோன்றியது. உட்கார்ந்தேன். ஃபைல் பெயர்கள் எட்டு எழுத்தைத் தாண்டினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும் என்று நாங்கள் எல்லோரும் மனமார நம்பிய காலம் அது. திரையில் ஒரு ஃபோல்டர், ஆங்கில எழுத்தில் 'பழைய' என்று. பக்கத்தில் இன்னொன்று, 'புது' என்று.

பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சுத்தம் செய்கிற எவனும் என்ன செய்வான்? பழையதை அழித்தேன். புதியதை வைத்துக்கொண்டேன். ராஜபாளையத்தில் பழையபாளையம் என்று ஒரு பகுதியும் புதுப்பாளையம் என்று ஒரு பகுதியும் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த தெருக்கள்தான். ஆனால் அறிவும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை.

வேகம் பிடித்துவிட்டது. அதன் பிறகு நாள் முழுவதும் பழைய பத்திரிகைகள், ஸ்கேன் செய்த மாப்பிள்ளை முகங்கள், நடந்து முடிந்த கும்பாபிஷேகங்கள் என்று அள்ளிப் போட்டேன். திரையின் மூலையிலிருந்த குப்பைத்தொட்டிப் படத்தில் காகிதம் பிதுங்கியது. அதையும் காலி செய்துவிட்டால் வேலை முடிந்தது. உத்தரவு கொடுத்தேன். இத்தனை உருப்படிகளையும் நிச்சயமாக அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"அக்கா, உள்ள இருக்க குப்பையையும் கொட்டிட்டா முடிஞ்சு போச்சு" என்று பெருமையாகச் சொன்னேன்.

அக்கா அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார். தொட்டிப் படத்தைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார்.

"வத்து! வத்து!"

வேண்டாம் என்பதற்குத் தெலுங்கு. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"வெளக்கு வச்ச பொறவு குப்பையக் கொட்டுவாங்களா தம்பி? அதுவும் பூஜைக்கு மொத நாளு! வீட்டுல இருக்க லட்சுமியும் கூடவே போயிருவா."

"அக்கா, இது அந்தக் குப்பை இல்லக்கா. கம்ப்யூட்டர் குப்பை."

"குப்பைன்னு நீதான சொன்ன? படத்துலயும் தொட்டிதான போட்டிருக்கான்? கெடக்கட்டும்."

நான் சிரித்தேன், சத்தமாகவே. அறிவியலின் சார்பில் எனக்கு அந்த உரிமை இருப்பதாக நினைத்தேன். 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் பூஜை. மானிட்டருக்கு மாலை, பிரிண்டருக்குச் சந்தனம், மவுஸுக்கு நெற்றி எது என்று தெரியாமல் இரண்டு பொட்டு. நான் பொரிகடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது பேராசிரியை வந்தார்.

"சார், ஃப்ளாப்பி படிக்கவே மாட்டேங்கு. புது ஹேண்ட்பேக்ல போட்டு வச்சேன். அதுல மூடுத எடத்துல காந்தம் இருந்திருக்கு, நான் கவனிக்கல. நல்லவேளை, உங்க சிஸ்டத்துல ஒரு காப்பி இருக்குல்லா?"

"இருக்கும் மேடம். எந்த ஃபோல்டர்?"

"பழையபாளையம் சார். 'பழைய'ன்னு போட்டிருப்பேன். பக்கத்துலயே புதுப்பாளையம், 'புது'ன்னு."

பொரி தொண்டையில் நின்றது.

"என்ன சார், புரை ஏறிட்டா?"

"இல்ல மேடம். பழையதுன்னு நெனச்சு…"

"நெனச்சு?"

"சுத்தம் பண்ணிட்டேன்."

அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ ஸ்ரீவில்லிபுத்தூர்னு ஒரு ஃபோல்டர் இருந்திருந்தா, உள்ள புத்து இருக்குன்னு மருந்தடிச்சிருப்பீங்க, என்ன?"

அக்காதான் குறுக்கே வந்தார்.

"செத்த இருங்க டீச்சர். தம்பி, தூக்கிப் போட்டது எங்க போச்சு?"

"தொட்டிக்கு அக்கா."

"தொட்டியக் கொட்டியாச்சா?"

"நீங்கதான் விடலையே."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதன் அர்த்தம் எனக்கே புரிந்தது. அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு தட்டு நிறையச் சுண்டலை என் கையில் வைத்துவிட்டு, முந்தின நாள் நான் சிரித்த அதே அளவுக்கு, அவ்வளவு நேரம் சிரித்தார். சான்றிதழ் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்பமே போட்டுப் பாத்திரலாமே அக்கா?" என்றார் பேராசிரியை.

"பூஜையில வச்ச சாமானை நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் டீச்சர் தொடணும். தொட்டியிலதான கெடக்கு? எந்திரிச்சா ஓடிரும்?"

ஓடாது. ஆனால் வேறொன்று நடக்கலாம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தத் தொட்டிக்கு ஓர் அளவு உண்டு. அளவு மீறினால், முதலில் போட்டதெல்லாம் முதலில் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். நான் முதலில் போட்டது பழையபாளையத்தை. அதற்கு மேல் எத்தனை மாப்பிள்ளைகளைக் கொட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முகமும் ஸ்கேனில் பெரிய பெரிய ஃபைல். இதை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. பூஜையில் வைத்த சாமான்களில் அரிவாள்மனையும் இருந்தது.

விஜயதசமியன்று ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். அதே பஸ்ஸில் முன் சீட்டில் பேராசிரியை. நான் கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா கற்பூரம் காட்டினார். மாலையை ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். அது எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் பக்கத்து ஊரான சேத்தூர் வரை போய்த் திரும்பியிருக்கலாம். தொட்டியைத் திறந்தேன். திரை முழுக்கப் பெயர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. எல்லா ஃபைலுக்கும் எண்ணைப் பெயராக வைத்த மேதை நானே. எந்த ஒன்று யாருடைய ஒன்று?

"இதுல எம்புட்டு ஒண்ணு சார் இருக்கு?" என்றார் பேராசிரியை. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அப்போதுதான் பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலும் எங்கிருந்து தூக்கி வீசப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. தலைப்பு, 'ஒரிஜினல் லொக்கேஷன்'.

"இவனும் ஒரிஜினல்ங்கானா!" என்றார் பேராசிரியை. ஒரு முழு அத்தியாயம் எழுதியவருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தலைப்பின் மேல் அழுத்தினால் ஒரே இடத்திலிருந்து வந்தவை ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். அழுத்தினேன். மெல்லக் கீழே இறக்கினேன். அஞ்சலிகள் போயின. காதணிகள் போயின. 'நோட்டீஸ்' என்று முடிகிற ஒரு கூட்டம் போனது. அதற்கும் கீழே, வரிசை கலையாமல், ஒன்றிலிருந்து பதினொன்று வரை, பழைய, பழைய, பழைய.

"இருக்கு" என்றேன். கத்தினேன் என்பதுதான் சரி.

பதினொன்றையும் தேர்ந்தெடுத்து மெனுவைத் திறந்தேன். மீட்பதற்கான வரியும் தொட்டியைக் காலி செய்வதற்கான வரியும் மேலும் கீழுமாக, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் நின்றன. இரண்டையும் பக்கத்து வீட்டுக்காரர்களாக்கிய புண்ணியவான் யாரோ தெரியாது, அவருக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அம்பு ஆடியது. ஆடியது மவுஸ் அல்ல, நான்.

"நீங்க செத்த எந்திரிங்க சார்."

எழுந்தேன். பேராசிரியை உட்கார்ந்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரே அழுத்து. பதினோரு வரிகளும் திரையிலிருந்து மறைந்தன. பிறகு அவர் தொட்டியை மூடிவிட்டு, பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்தார். 'புது'வுக்குப் பக்கத்தில், ஒன்றுமே நடக்காதது போல, 'பழைய' உட்கார்ந்திருந்தது.

பதினொன்றாவது ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஒரு சைக்கிள் கடைப் பலகையைப் பற்றிய பத்தி: 'காற்று இலவசம், அடிப்பது உங்கள் பொறுப்பு.' அதன் கீழே போன ஞாயிற்றுக்கிழமை அவர் சேர்த்த திருத்தம், ஒரு புள்ளி குறையாமல்.

"வந்துட்டா டீச்சர்?"

"எல்லாம் வந்துட்டு அக்கா!"

அக்கா பூஜை மணியை எடுத்து அடித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னொரு முறை சுண்டல் கிடைக்கும் என்று எட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது.

பிரிண்டர் ஒவ்வொரு பக்கமாகத் துப்பியது. சூடு ஆறுவதற்குள் அவர் உருவி எடுத்தார். மத்தியானம் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, "வாரேன் அக்கா" என்றார். என் பக்கம் திரும்பி, "சார், அந்தப் புதுவையும் கொஞ்சம் பத்திரமா பாத்துக்கோங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். நானும் அக்காவும் ஓடினோம். ரிசீவரை அக்கா பிடித்துக்கொண்டார், நான் இந்தப் பக்கம் காதை ஒட்டினேன். மதுரையின் இரைச்சலுக்கு நடுவே பேராசிரியையின் குரல், ஊருக்கே அறிவிக்கிற மாதிரி:

"குடுத்தாச்சு அக்கா! சீல் வச்சு, நம்பர் போட்டு, கையெழுத்தும் வாங்கியாச்சு. ஆபீஸ் மூட இன்னும் அரை மணி நேரம் இருக்கு!"