எரிந்த மலையின் கீழே ஓர் ஐப்பசி

ஓகஸ்டில் மலை எரிந்தது. தீ வீட்டுக்கு மேலேயுள்ள ஒலிவ் மரங்களோடு நின்றுவிட்டது. தப்பிவிட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ அன்றிலிருந்து மழையை நினைத்துத்தான் பயம். மண்ணைப் பிடித்துவைக்கப் புல்பூண்டு இல்லாத கறுத்த சரிவு. அதன் அடியில் எங்கள் வீடு.

எங்கள் வீடு என்றாலும் அது சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த இத்தாலிய மூதாட்டியுடையது. ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊருக்கு மேலே, பாதையின் கடைசி வளைவில் இருந்தது. அங்கேயே தங்கி, ஊன்றுகோலோடு நடக்கும் அவரைப் பராமரிப்பது என் வேலை. என் கணவர் கீழே ஒரு கடலுணவு உணவகத்தில் சமையல் செய்தார்.

ஐப்பசி பிறந்ததும் குளிருக்கு ஆயத்தமானோம். விறகு வந்து இறங்கியது. கணவர் புகைபோக்கியைத் துடைத்தார். வீட்டைச் சுற்றிப் போகும் வாய்க்காலை ஆழமாக வெட்டினார். பின்சுவரோடு மண்மூட்டை அடுக்கினார். மண்மூட்டை அடுக்க, போர்க்காலத்தில் பதுங்குகுழி கட்டி வன்னியிலிருந்து வந்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் கம்பளிகளை வெயிலில் காயப்போட்டேன். மலைக்குப் பின்னால் ஒரு முகில் தெரிந்தாலே எனக்குக் கைவேலை ஓடாது. சிஞ்ஞோரா சிரிப்பார்.

"நான் பிறக்க முந்தியே இந்த வீடு மழை பார்த்தது."

ஒரு மத்தியானம் மழை வந்தது. வாய்க்கால் கறுப்பாக இரைந்து ஓடியது. அந்தச் சத்தம் ஆறுதலாகக்கூட இருந்தது. சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊற்றும்போது அது சட்டென்று நின்றது. யன்னலால் பார்த்தேன். மழை அப்படியே கொட்டுகிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

கணவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சையப்பா, வாய்க்கால்லை தண்ணி நிண்டிட்டுது."

"மழை விட்டிட்டுதோ?"

"இல்லை, கொட்டுது."

"அப்ப மேலை எங்கையோ அடைச்சுத் தண்ணி தேங்குது. உடைச்சுக்கொண்டு வரும். ஒண்டையும் எடுக்காதையும். அவவைக் காரிலை ஏத்திக்கொண்டு உடனை இறங்கும்."

லைசன்ஸ் எடுத்த பிறகு மழையில் நான் கார் ஓட்டியதேயில்லை.

"நான் வரமாட்டேன்," என்றார் சிஞ்ஞோரா. நான் விவாதிக்கவில்லை. கோட்டைப் போர்த்தி, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். ஊன்றுகோலால் என் முழங்கையில் அடித்தார். காரில் ஏற்றிய பிறகும் அழுதார்.

இரண்டாவது வளைவு திரும்பும்போது லொறியிலிருந்து கல் கொட்டுவது போல மேலே சத்தம் கேட்டது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் மழை மட்டும்தான் தெரிந்தது. சிஞ்ஞோரா அழுகையை நிறுத்தி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். கணவரைக் காணும்வரை விடவில்லை.

சேறு பின்சுவரை உடைத்துச் சமையலறைக்குள் மேசை உயரத்துக்கு நின்றது. இனி அங்கே ஒருவரும் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் கதவை அடைத்துவிட்டார்கள். சிஞ்ஞோராவுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழே நகரத்தில், கால்சாவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டில், எங்கள் கட்டிலில் அவர் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். நாங்கள் நிலத்தில் மெத்தை போட்டோம்.

வீட்டுக்கு எப்போது போவோம் என்று அவர் கேட்டபடியே இருந்தார். உண்மையைச் சொல்ல மாசி வரை எனக்கு மனம் வரவில்லை. சொன்னபோது அவர் அழவில்லை. கட்டிலைப் பின்சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். தள்ளிப் போட்டோம்.