தொரை முன்னால் நடந்த மரக்கால்

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த முப்பதுகளில் நடந்தது இது. அப்போது நான் மடவளையிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்வந்தேன். வெள்ளைக்கார டாக்டர் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி சொல்வதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். வாய்க்குத்தான் சம்பளம் என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள்.

அந்த டாக்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. கால் இழந்தவர்களும் கால் சூம்பியவர்களும் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நீளமான கூடத்தில் கறுப்புத் துணியை விரித்து, உள்ளங்காலில் சுண்ணாம்புத் தூளைத் தடவி நடக்கச் சொல்வார். பிறகு அந்தத் தடங்களின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து அளப்பார். கால்சட்டை முழுக்க வெள்ளையாகிவிடும்; அதைப் பற்றிக் கவலைப்படவே மாட்டார்.

கலஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ரோட்டு வெட்டும்போது பாறை உருண்டு, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. டாக்டர் மரக்கால் செய்து பொருத்தி, கொஞ்ச நாளாகப் பழக்கியிருந்தார். இவரால் நின்று வேலை செய்ய முடியுமா என்று தோட்டத்தில் கேட்டிருந்தார்கள். முடியும் என்று டாக்டர் எழுதினால் தொழிற்சாலையில் தூள் சலிக்க எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பேரை வெட்டி, பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு குடியிருக்கத் தோட்டத்தில் கொடுத்த லயத்து அறையும் போகும். அவரும் மனைவியும் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். இருவருமே இங்கே பிறந்தவர்கள். அங்கே அவர்களுக்கு யாரும் இல்லை.

கடைசிப் பரிசோதனை ஒரு நாள் காலையில் நடந்தது. மனிதர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதுகை வளைத்து, துணியின் நடுவில் நடக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மரக்காலை இழுத்து இழுத்துப் போனார். டாக்டர் வாரைத் தளர்த்திப் பார்த்தார். உள்ளே பஞ்சு வைத்துப் பார்த்தார். மரக்காலையே கொஞ்சம் சீவியும் பார்த்துவிட்டார். நடை அப்படியேதான் இருந்தது.

"இந்தக் கால் இவருக்குச் சேரவில்லை. வேலைக்கு ஆகாது என்று எழுதப்போகிறேன், சொல்லிவிடு" என்றார் டாக்டர்.

சொன்னேன். "சரிங்க தொரை" என்று கும்பிட்டுவிட்டு அவர் வெளியே போனார். எனக்கு மனசு கனத்துப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து நான் விறாந்தையில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்து மாமரத்தின் கீழே அவருடைய மனைவி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு தகரக் குவளையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு அவர் போனார். தலையில் துண்டு கட்டியிருந்தது. முதுகு நேராக இருந்தது. மரக்கால் டொக் டொக்கென்று தாளம் தப்பாமல் விழுந்தது. குவளையிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. யா அல்லாஹ், காலையில் பார்த்த ஆள்தானா இது!

ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏன் அண்ணே, இவ்வளவு நல்லா நடக்கிறீங்களே, உள்ளுக்கு ஏன் அப்பிடி நடந்தீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தொரை முன்னுக்கு எப்பிடிங்கய்யா நெஞ்ச நிமித்தி நடக்கிறது? தோட்டத்துல தொரை வந்தா பாதைய விட்டு எறங்கி நிப்போம். நிமிந்து நடந்தா திமிருன்னு சொல்லுவாங்க."

"இவர் டாக்டர். நீங்க நடக்கிறதப் பாக்கத்தானே நிக்கிறாரு?"

"இருந்தாலும் தொரை தொரைதானுங்களே."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிட்டு, நிமிர்ந்து நடந்தால் தப்பில்லை என்று சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். பாவம், மனிதர் முயற்சி செய்யத்தான் செய்தார். டாக்டரின் பக்கம் வரவர முதுகு தானாக வளைந்தது. நெற்றி வேர்த்துக் கொட்டியது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்தில் வளைத்துவிட்டதை நிமிர்த்துவதும் லேசில்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

டாக்டர் யோசித்தார். அவரை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, தானே போய் மருந்து அறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் அந்த அம்மாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய், "இந்தாங்க, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி வாங்கிட்டு வாங்க, தலைய வலிக்குது" என்றாள்.

அவர் போனார், வந்தார். முற்றத்துச் சரிவிலும் தடுமாறவில்லை. டாக்டர் ஜன்னலை விட்டு அசையவே இல்லை. மேசைக்குத் திரும்பி வந்து, நின்று வேலை செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தியைச் சொன்னதும் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, "முருகா" என்று அழுதாள். அவரோ சிரிக்கவில்லை. என்னை ஒரு பக்கமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப தொரை பாத்துட்டாருங்களா? தலையில துண்டு வேற கட்டியிருந்தேனே... கோவிச்சுக்கிட்டாருங்களாய்யா?"

கோபமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, தெரியாது. துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு டாக்டர் அந்தக் கூடத்தின் ஓரத்தில் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் நின்றுதான் எல்லோருடைய நடையையும் பார்த்தார். நோயாளிகள் கேட்ட எத்தனையோ கேள்விகளை அவரிடம் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் யாராவது கூனிக் குறுகி நடந்து போவதைக் கண்டால், எதிரே யார் வருகிறார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.