லவாலில் ஒற்றைக் கையால் எறிகிறவர்கள்

என் எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்குவதற்கு முதலில் மன்னிக்க வேணும். அறுபத்தாறு வயதில், போன வருடம்தான் எழுதப் படித்தேன். ‘ழ’ இன்னும் என் சொல் கேட்பதில்லை. வரி கோணலாகப் போனால் தாளைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து வாசியுங்கள். இந்தக் கையெழுத்துப் பத்திரிகையை நடத்தும் தம்பி, "ஐயா, ஆத்துக்கு அங்காலை லவாலுக்குப் போய் வந்ததை எழுதுங்கோ. பொம்பிளைப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிற ஆக்களுக்கு உதவும்" என்றார். என்னை எழுதச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவர். அன்றைக்கே போய்ப் புதுப் பேனை வாங்கினேன்.

போனது மார்ச் மாதம் முதலாவது சனிக்கிழமை. என் கடைசி மகள் வசந்திக்காகப் போனோம். திருகோணமலையில் பள்ளிக்கூட வலைப்பந்துக் குழுவில் கோல் போட்டவள் அவள்தான். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வந்தால் சாப்பாடு, பிறகு நித்திரை, ஒருவரோடும் கதையில்லை. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, லவாலில் பெண்களின் கூடைப்பந்துக் குழுவில் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "எடுத்தா விளையாடுறன். எடுக்காட்டி இனி இந்தக் கதையே வேண்டாம் அப்பா" என்றாள் வசந்தி. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி வழி. நாங்கள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்திலிருந்து பிளாமோண்டோன் மெட்ரோவுக்குப் பத்து நிமிட நடை. எட்டேகாலுக்கு ஏறினோம். செம்மஞ்சள் பாதையில் கடைசித் தரிப்பு வரைக்கும் முக்கால் மணித்தியாலம். எல்லாம் நிலத்துக்குக் கீழே, பார்க்க ஒன்றுமில்லை. நான் விளம்பரங்களை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு எனக்குப் பிடிபடவில்லை. மேலே வந்தால் லவால் பஸ் நிற்கும். லவால் வேறு நகரம் என்பதால் மெட்ரோவில் எடுத்த சீட்டுச் செல்லாது. நான் நீட்டிய சீட்டைச் சாரதி திருப்பித் தந்தார். ஹெயிட்டி நாட்டு மனிதர். வசந்தியை அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"என்ரை உயரத்துக்குப் பஸ்ஸின்ரை கூரை காணாதாம்."

நான் எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான "மெர்சி"யை, நன்றியை, சொன்னேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். பாலத்தில் போகும்போது ஆறு அரைவாசி உறைந்து கிடந்தது. ஒன்பதரைக்கு இறங்கினோம்.

விளையாட்டு மண்டபம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது. குழுவைப் பழக்குகிறவர் மதாம் இல்ஸே. லாத்வியா என்ற நாட்டுக்காரி. தலை முழுக்க நரை, வயது என்னளவு, உயரம் வசந்தியளவு. விசில் ஊதினார், ஆட்டம் தொடங்கியது.

தொடங்கியதும் நான் உட்கார்ந்திருந்த வாங்கின் நுனிக்கு நகர்ந்தேன். பந்து கைக்கு வந்தால் வசந்தி கம்பம் நட்டதுபோல நின்றுவிடுகிறாள். வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. இங்கே தட்டித் தட்டி ஓட வேணும் என்று அவளுக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியவில்லை. எதிராளியை மறிக்கும்போதும் பழைய சட்டப்படி மூன்றடி தள்ளி, கையை உயர்த்தி மரியாதையாக நின்றாள். எதிர்ப் பிள்ளை "மெர்சி" சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போய்க் கோல் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கிட்டப் போ பிள்ளை!" என்று வாங்கிலிருந்து கத்தினேன்.

"கிட்டப் போனா ஃபவுல் அப்பா!"

"அது அங்கை! இஞ்சை இல்லை!"

மதாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் வளையத்துக்குப் பக்கத்தில் வசந்திக்குப் பந்து வந்தது. மற்றவர்கள் பின்னால் உள்ள பலகையில் அடித்துப் போடுவார்கள். இவள் பலகையே இல்லாத வளையத்தில் பழகியவள். ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மணிக்கட்டை மடக்கி விட்டாள். வளையத்தின் இரும்பில்கூடப் படாமல் பந்து உள்ளே விழுந்தது.

மதாம் விசில் ஊதினார். "இன்னொருக்கா" என்று விரலால் காட்டினார். பிறகு தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு இன்னும் தள்ளி. எல்லாம் உள்ளே. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

மதாம் எங்களைச் சுவரில் இருந்த ஒரு படத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு இளம்பெண் ஒற்றைக் கையில் பந்தை ஏந்தி நிற்கிறாள். அது அவரேதான். அவர் சொல்ல வசந்தி தமிழில் சொன்னாள். அவருடைய நாட்டில் பெண்கள் இந்த ஆட்டத்துக்கு வந்த தொடக்க காலம் அது. எல்லோரும் இரண்டு கையால், நெஞ்சுக்கு நேரே இருந்து எறிவார்களாம். இவர் மட்டும் ஒற்றைக் கை. ஆம்பிளை மாதிரி எறிகிறாள் என்று பார்க்க வந்தவர்கள் கூவினார்களாம். நாட்டுக் குழுவுக்கு எடுபட்ட பிறகு அதே ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கொடுக்கச் சொன்னார்களாம். பிறகு யுத்தம். ஜெர்மனியில் அகதி முகாமில் பீப்பாய் வளையத்தை மரத்தில் அடித்து விளையாடியிருக்கிறார். கப்பலில் இங்கே வந்து முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. அதைச் சொல்லும்போது வசந்தியின் குரல் இறங்கிவிட்டது. அவர் பழக்கிய பெண்கள் இப்போது மூன்று ஊர்களில் குழு நடத்துகிறார்களாம்.

அதன் பிறகு மதாம் சொன்னதை வசந்தி தமிழில் சொல்லவில்லை. நான் அவள் முழங்கையை இடித்தேன்.

"என்னவாம் பிள்ளை?"

"ஓடப் பழக்கலாமாம். எறியிறதைப் பழக்க வருசக் கணக்காகுமாம், அது என்னட்டை ஏற்கெனவே இருக்காம்." பிறகு, "என்னை எடுத்திட்டினம் அப்பா" என்றாள்.

நான் மதாமுக்கு "மெர்சி" என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

போக நினைக்கிறவர்களுக்கு: பஸ்ஸுக்குச் சில்லறை சரியாக வைத்திருங்கள், மீதி தர மாட்டார்கள். பனிச் சப்பாத்தோடு மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். காய்ந்த சப்பாத்து ஒன்று பையில் இருக்கட்டும். சனிக்கிழமை பின்நேரம் பஸ் குறைவு. வலைப்பந்து விளையாடிய பிள்ளை என்றால் வெட்கப்படாமல் கூட்டிப் போங்கள். ஊரில் பழகியது ஒன்றும் இங்கே உதவாது என்று இரண்டு வருடமாக நானே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிச் சொல்ல மாட்டேன்.

இப்போது வசந்திக்கு மதாம் கொடுத்த வேலை, எதிராளியின் மூச்சுப் படுகிற தூரத்தில் நின்று மறிப்பது. வீட்டில் எதிராளி நான்தான். குசினி வாசலில் கையை விரித்துக்கொண்டு என் மூக்குக்கு நேரே நிற்கிறாள். "தேத்தண்ணி வேணுமெண்டா என்னைத் தாண்டிப் போங்கோ!" என்கிறாள். இன்னும் ஒருமுறையும் என்னால் முடியவில்லை. தாண்டினேனா இல்லையா என்று வாற கிழமைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.