ஆட்கள் வந்தார்கள், கோவை வரவில்லை

ஓய்வுபெற்ற பிறகு என் பெயருக்கு ஒரு வால் முளைத்தது. எங்கள் ஆட்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் போடுவார்கள். நோர்வேயில் எனக்கு அது பின்னால் வந்தது. இணையத்தில் நான் எழுதும் இடத்தில் என் பெயர், அதன் பின் மின்னஞ்சலில் வருகிற அந்தச் சுருட்டைக் குறி, அதன் பின் 'ரெய்ன்ஃப்ராக்'. நோர்வே மொழியில் மழையங்கி என்று அர்த்தம். மகளோடு நான் வசிக்கும் பேர்கன் நகரத்தில் வெயில் எறித்தால் அது செய்தி. அந்த ஊர்க்காரர் நாலு பேர் தங்கள் தளத்துக்கு வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

முன்பு எல்லாரும் எழுதுகிற பெரிய தளத்தில்தான் நானும் எழுதினேன். நாலாவது வரியில் கட்டுரையை வெட்டி 'மேலும் காட்டு' என்று போடுவார்கள். காட்டினால் பக்கத்தில் முழங்கால் எண்ணெய் விற்பார்கள். ரயில்வே நேரசூசிகளைப் பற்றி நான் பாடுபட்டு எழுதியதை ஒருவரும் காணவில்லை. மகளின் பூனைப் படத்துக்கு ஊரே திரண்டு வந்தது. அப்போதுதான் அவள் பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்ற ஒன்றைச் சொன்னாள். அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல்லைக் கேட்டே தலை நரைத்தவன் நான். அது உண்மையில் நடந்தேறிய ஓர் இடத்தை இந்த வயதில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஒரே முதலாளி இல்லை. ஆயிரம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுக்காரர், ஒரு சட்டம். எந்த வீட்டில் குடியிருந்தாலும் மற்ற வீட்டாரோடு கதைக்கலாம். பல வீடுகளில் ஐந்நூறு எழுத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள். ஐந்நூறு எழுத்தில் நான் இன்னும் வணக்கமே சொல்லி முடித்திருக்க மாட்டேன். மழையங்கியில் அளவு இல்லை என்பதால் அதற்கு விண்ணப்பித்தேன்.

'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு சிறிய பெட்டி இருந்தது. கொழும்பில் ஒரு திணைக்களத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்தவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. விடயம், இலக்கமிட்ட பந்திகள், சேவை விபரம், நற்சான்று தரக்கூடிய இருவர் என்று முறைப்படி எழுதி அனுப்பினேன். வீட்டுக்காரர் ஹோகன் என்பவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "எங்கள் மீது வழக்குப் போடப் போகிறீர்களா?" இல்லை, சேரத்தான் போகிறேன் என்று இன்னொரு பக்கம் எழுதிய பிறகு கதவைத் திறந்தார்.

பின்னால் ஸ்டானியையும் அங்கே கூட்டிப் போனேன். கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரனான என் கூட்டாளி ஸ்டானி, பத்திரிகை ஒன்றில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தவன். என் எழுத்து அவன் கண்ணில் படாமல் போனால் அது வெளிவந்ததாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. என் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அவனுடைய திருத்தமும் நக்கலும் இன்னொரு கட்டுரை நீளத்துக்குக் கிடக்கும். ஆனால் மழையங்கியில் பொத்தான்கள் எல்லாம் நோர்வே மொழி. ஒருநாள் ஹோகன் கவலையோடு எழுதினார்: கொழும்பிலிருந்து ஒருவர் உங்கள் மீது தொடர்ந்து முறைப்பாடு செய்கிறார், அவரால் உங்களுக்கு ஆபத்து உண்டா?

தொலைபேசியில் ஸ்டானியைப் பிடித்தேன்.

"ஐசே, நான் நல்லா இருக்கு எண்டுதான் அமத்தினேன்."

"நீ அமத்தினது பொலிஸ் என்ட்ரி."

"அப்ப தமிழ் பட்டன் உள்ள வீடா பாரு. இல்லாட்டி நான் வாசிக்கிறத நிப்பாட்டுறேன்."

அவன் நிறுத்தினால் நான் யாருக்கு எழுதுவது? அதனால் கடந்த மாரியில், வழக்கம்போல கொழும்புக்கு, என் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்தபோது, ஸ்டானி கேட்ட வீட்டைத் தேடினேன். தெமட்டகொடையைச் சேர்ந்த ஷஃப்னா என்ற கணினிப் பொறியியலாளர் இரண்டு சிநேகிதிகளோடு 'அலைவீதி' என்று ஒரு தமிழ்த் தளம் நடத்துவதாகக் கேள்விப்பட்டு, காலி வீதித் தேநீர்க் கடையில் சந்தித்தோம். ஸ்டானியும் பஸ் பிடித்து வந்து ரோல்ஸோடு உட்கார்ந்தான். நான் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். எழுத்துக்கு அளவு உண்டா? காப்புப்பிரதி எடுக்கிறீர்களா? நீங்கள் மூவரும் வெளிநாடு போனால் பொறுப்பு யாருக்கு?

"எல்லாரும் போனா நீங்க வந்து நடத்துங்க அங்கிள். உங்களுக்கும் பொழுது போகும்."

பதில் எனக்குப் பிடித்திருந்தது. அங்கேயே கணக்கு ஒன்று திறந்தேன். பழைய கணக்கில் 'இடம்மாறு' என்ற பொத்தானை ஷஃப்னா காட்டினார்.

"கீழ ஒரு குறிப்பு ஈக்குது அங்கிள். அத வாசிச்சிட்டு அமத்துங்க."

"பிள்ளை, குறிப்பு எழுதித்தான் நான் பென்ஷன் எடுக்கிறன்," என்று சொல்லி அமத்தினேன்.

அரசாங்க சேவையில் ஒருவருக்கு இடமாற்றம் வந்தால் ஆள் முதலில் போவார். அவருடைய தனிப்பட்ட கோவை, அந்த ஃபைல்கட்டு, பின்னால் போகும். மாத்தறைக்குப் போனாலும் மன்னாருக்குப் போனாலும், எடுத்த லீவு, வாங்கிய கண்டனம் ஒன்றும் தவறாது. இதுவும் அப்படித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என்னைப் பின்தொடர்கிறவர்கள் ஒவ்வொருவராகப் புது வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். டென்மார்க் சிவம் வந்தார், வத்தளை மேரி ரீச்சர் வந்தார். ஸ்டானி என் தொலைபேசியை எட்டிப் பார்த்தான்.

"ஆக்கள் எல்லாரும் வந்துட்டாங்க மச்சான். உன்னத்தான் காணல்ல."

பக்கம் வெறுமையாக இருந்தது.

"கோவை எப்ப வரும்?" என்று ஷஃப்னாவைக் கேட்டேன்.

"என்ன கோவை?"

"நான் எழுதினது. இவன் திருத்தினது."

"அது வராது அங்கிள். ஆக்கள் மட்டும்தான் வருவாங்க. எழுதினது அங்கயே ஈக்கும். அந்தக் குறிப்பில அதத்தான் போட்டு ஈக்குது."

பிளேன்டீ ஆறிப்போனது. நான் நோர்வேக்குப் போனபோது ஒரு சூட்கேஸ் நிறையக் கடதாசி கொண்டு போனேன். பிறப்பு, விவாகம், சேவை, பொலிஸ் நற்சான்று. எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, ஒவ்வொன்றிலும் முத்திரை. கடதாசி ஒன்றுகூடத் தொலையவில்லை. வராதது ஆட்கள்தான். 'ஐசே' என்று கூப்பிட அந்த நகரத்தில் எனக்கு ஒருவரும் இல்லை. இங்கே அந்தப் பயணம் தலைகீழாக நடந்திருந்தது. துக்கப்படுவதா, திருப்திப்படுவதா என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்தச் சுற்றறிக்கையிலும் வழிகாட்டல் இல்லை.

"கிடக்கட்டும் விடு," என்றான் ஸ்டானி. "பழசு எல்லாம் திருத்தியாச்சு. புதுசா எழுது, எனக்கும் வேலை வேணும்."

எழுதினேன்: 'இடமாற்றம் பெற்று வந்து இன்று முற்பகல் கடமைகளைப் பொறுப்பேற்றுக்கொண்டேன்.' எதிர்க் கதிரையிலிருந்தே ஸ்டானி அலைவீதியில் தானும் ஒரு கணக்குத் திறந்து, தமிழ்ப் பொத்தானைத் தேடி, சரியானதை அமத்திப் பதில் போட்டான்: 'வந்துட்டேன் எண்டா போதும்.'

இப்போது பேர்கனுக்குத் திரும்பிவிட்டேன். மழை பெய்கிறது. பழைய பக்கத்தை அழிக்க வேண்டாம் என்று ஹோகனுக்கு, இந்த முறை இரண்டே வரியில், எழுதியிருந்தேன். வைத்திருக்கிறார். அங்கே என் படம் சாம்பல் நிறமாகிவிட்டது. மேலே நோர்வே மொழியில் 'குடிபெயர்ந்துவிட்டார்' என்று ஓர் அறிவிப்புப் பட்டி. யாராவது அங்கே என்னைத் தேடி வந்தால் அந்தப் பட்டி கொழும்பில் உள்ள என் புது வீட்டுக்கு வழி காட்டும். அதைப் பிடித்து அவர்கள் அலைவீதிக்குப் போய்ச் சேரும்போது, நான் பேர்கன் மழையைப் பற்றி நீளமாக எழுதிக்கொண்டிருப்பேன்.