எப்படித் திருப்பினாலும்

இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரர்கூட மழையைப் பற்றித்தான் பேசுவார். அதனால் வந்த புதிதில், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் மிசஸ் பார்க்கர் தேநீரை நீட்டியபடி, "இந்தியாவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டபோது தேநீரை வாங்காமலே எழுந்துவிட்டேன். "தெற்கு" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு மாடியேறிவிட்டேன். மறுநாள் காலை என் தட்டில் ஒரு ரொட்டித்துண்டு கூடுதலாக இருந்தது. பாவம், தப்பாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று பயந்திருக்கிறார். அங்கே வெயில் எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம். எங்கள் ஊர் அரியலூரில் யாரும் வெயிலுக்காக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தார். அங்கே லாரி ஷெட்டில் கிடந்த காந்தம் ஒன்றைச் சின்ன வயதில் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு முனையைத் தனியாக எடுக்கலாமென்று அதைக் கல்லில் வைத்து உடைத்தேன். உடைந்த துண்டிலும் இரண்டு முனைகள். ஒரே முனையுள்ள காந்தத்துக்கு மோனோபோல் என்று பெயர். இதுவரை யாரும் உறுதியாகக் கண்டதில்லை. ஆனால் கணிதத்தில் அது இருக்கிறது. அதன் விவரம் முழுவதையும் ஒரு வளைகோட்டின் சமன்பாட்டுக்குள் அடக்கிவிடலாம். திருப்பிப் பார்த்தாலும் மாறாத வளைகோடாக இருந்தால் வேலை சுலபம். அப்படிப்பட்டவற்றைத் தேடித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கினேன். பட்டம் வாங்கியதும் ஊருக்கே திரும்பிவிட ஆசைப்பட்டேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. கரும்பலகையில் வளைகோட்டை எழுதி, எப்படிச் சுழற்றினாலும் அது அதுவாகவே இருப்பதை விளக்கினேன். தலைவராக உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அரியலூர்ல எந்தப் பக்கம், தம்பி?" என்றார்.

"ஸ்டேஷனுக்குக் கிழக்கால, சார்."

"கிழக்கால எந்தத் தெரு?"

சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "எங்க பசங்களுக்கு இவ்வளவு பெரிய கணக்கெல்லாம் எதுக்குங்க? சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்த 'ங்க'வின் மரியாதை இன்றைக்கும் எனக்கு எரிகிறது. இத்தனை வருடம் நான் தேடிய மாறாத பொருள் அந்த மேசைக்கு எதிரில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. லண்டன் பட்டத்தை மேலே போட்டுத் திருப்பினாலும் அது நான் பிறந்த தெருதான்.

மகன் ஊர்ப்பக்கமே வேலைக்கு வரப்போகிறான் என்று சுரங்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த அப்பா, கல்லூரி வாசலில் காத்திருந்தார். பஸ்ஸில் ஏறியதும், "கணக்கு கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்கப்பா. தெருவையும் கேட்டாங்க."

பஸ் புள்ளம்பாடியைத் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப நீ அங்கயே இருந்துக்க" என்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானும் கிளம்பி வந்துவிட்டேன்.

திரும்பி வந்த வாரம், மிசஸ் பார்க்கருக்கு நானாகவே செய்தித்தாளின் ஓரத்தில் ஊரை வரைந்து காட்டினேன். நடுவில் தண்டவாளம், ஒரு பக்கம் டவுன், மறுபக்கம் எங்கள் தெரு. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் வீடு எந்தப் பக்கம்? எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது" என்றார்.

என் ஊரின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.