பலாமரத்து ஒயர்

நேற்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் புது டிஷ் மாட்டினார்கள். பழைய பாக்ஸில் படம் தெளிவாக இல்லை என்று வீட்டில் ஓயாத புகார். வந்தவர் பழைய ஒயரின் முனையைப் பல்லால் உரித்துப் பார்த்தார். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அடுத்து கைப்பிடிச் சுவரோரம் இருந்த ஸ்பிளிட்டரைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“இது எதுவும் செட்டாவாது சார். ஒயரும் மாத்தணும், இதையும் மாத்தணும். தூக்கிப் போட்டுடுங்க.”

ஒரு ஒயரில் வரும் படத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டிதான் ஸ்பிளிட்டர். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் ஹாலுக்கும் மறுபக்கம் மாடி அறைக்கும் போனது. மாடி அறையில் ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. அந்தப் பக்கத்து வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், துரு வாசனை. எனக்குத் துரு வாசனை தனியாக வருவதில்லை, அழுகிய பலாப்பழத்தின் வாசனையும் கூடவே வரும். டிஷ் மாட்ட வந்தவரிடம் இதை விளக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளன். கரும்பு லாரி கவிழ்ந்தது, ஏரி உடைந்தது, மலைச்சாலையில் மரம் விழுந்தது என்று எழுதி அனுப்புவேன். பாதியை வெட்டிவிட்டு மீதியை என் பெயரில்லாமல் போடுவார்கள். பெயர் இல்லாததே நல்லது என்று நினைக்கும்படிதான் அதில் பலவும் இருந்தன. பழைய பாக்ஸ்களுக்குச் சிக்னல் நிற்கப் போகிறது, மலையில் எல்லோரும் புது பாக்ஸுக்கு மாற வேண்டும் என்று ஒரு தகவல் வந்தது. சங்கராபுரத்தில் டிஷ் கடை வைத்திருந்த செல்வம் வெள்ளிமலைக்குப் போகிறார் என்று தெரிந்து அவர் பைக்கில் தொற்றிக்கொண்டேன்.

“பின்னாடி வெய்ட்டு ஜாஸ்தியா இருக்குது சார். அந்தப் பேனாவைக் கீழ போட்டுட்டு ஏறுங்க” என்றார் முதல் வளைவிலேயே. மலை ஏறி முடிக்கும்வரை அவர் வாய் ஓயவில்லை.

வெள்ளிமலை தாண்டி ஒரு சரிவில் இரண்டு வீடுகள். மேல் வீட்டில் சடையன், கீழ் வீட்டில் அவர் தம்பி வெள்ளையன். நடுவில் ஒரு பலாமரம். நாங்கள் போனது பழக்காலம். பழங்கள் மரத்திலேயே வெடித்தும் தரையில் விழுந்து அழுகியும் கிடந்தன. வண்டு மொய்த்த அந்த வாடை தொண்டைவரை இறங்கியது.

“ஏன் யாரும் எடுக்கல?” என்று கேட்டேன்.

“தொட்டா ஊரு கூடிடும் சார். மரம் யாருதுன்னுதான் அண்ணன் தம்பிக்குள்ள சண்டையே. பேசி முடியிற வரிக்கும் ரெண்டு பேரும் மரத்தைத் தொடக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அது முடியவே இல்ல. இவங்களும் பேசிக்கிறதில்ல” என்றார் செல்வம்.

அந்த மரத்தின் கிளையில், கழுத்தறுத்த பிளாஸ்டிக் புட்டிக்குள், மழை படாதபடி ஒரு ஸ்பிளிட்டர் தொங்கியது. சண்டைக்கு முன்னால், கேரளத் தோட்டத்தில் வேலை செய்யும் சடையனின் மகன் டிஷ் வாங்கி வந்தபோது கட்டியது. பாக்ஸ் மேல் வீட்டில். அங்கிருந்து ஒரு ஒயர் மரத்துக்கு வந்து, பிரிந்து, ஒன்று கீழ் வீட்டுக்கும் மற்றொன்று பக்கத்துச் சரிவுக்கும் போனது. பக்கத்துச் சரிவுக்காரர்கள் பிறகு தனி டிஷ் வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது இந்த இரண்டு வீடுகள். அண்ணன் பாக்ஸைப் போட்டால் தம்பி வீட்டில் படம் வரும், அணைத்தால் போய்விடும். அண்ணன் எந்தச் சேனல் வைக்கிறாரோ அதுதான் தம்பிக்கும். சண்டைக்குப் பிறகு ஒயரை அறுத்திருக்கலாம். அறுக்க மரத்தில்தான் ஏற வேண்டும் என்று இருவரும் சொல்வார்களாம், பாக்ஸிலிருந்து பிடுங்கினாலே போதும் என்றாலும்.

சடையன் மனைவியை இழந்தவர், தனியாக இருந்தார். செல்வம் புது பாக்ஸை மாட்டிப் படம் வரவழைத்ததும் அவர் டிவியைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய மரத்து ஒயரைக் காட்டினார்.

“அந்த வூட்டுக்கும் படம் வருமான்னு பாருங்க.”

“அதைச் சொருவுற ஓட்டை பழைய பாக்ஸோட போச்சுங்க. புதுசுல கிடையாது.”

“ஏன் இல்ல? இதோ இருக்குதே” என்று சடையன் டிஷ்ஷிலிருந்து வந்த ஒயரைத் திருகிக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் தம்பி வீட்டு ஒயரைத் திருகினார். முனை கச்சிதமாகப் பொருந்தியது. படம் போய்விட்டது. அவர் இன்னும் இறுக்கினார்.

“அது வானத்துலேர்ந்து வர்ற வழிங்க, கீழ போற வழி இல்ல” என்றார் செல்வம்.

“முனை ஒண்ணாத்தான இருக்குது.”

வேறு ஒரு வழி இருந்தது. புது பாக்ஸின் படத்தை அந்த ஒயருக்கு அனுப்ப நடுவில் வைக்கும் ஒரு சின்னப் பெட்டி உண்டு, சென்னையில் தேடினால் கிடைக்கும். ஆனால் மரத்தில் இருக்கும் ஸ்பிளிட்டர் துருப்பிடித்துவிட்டது, இணைப்புகளில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறார்கள், அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று செல்வம் விளக்கினார். அதாவது மரத்தில் ஏற வேண்டும். சடையன் வாசலுக்கு வந்து மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கீழ கேட்டுட்டு வாங்க” என்றார்.

கீழே வெள்ளையனின் மனைவி மல்லிகா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளையன் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து நின்றார். மேலே நாங்கள் பேசியது முழுக்கக் கேட்டிருக்கும், இருந்தாலும் மறுபடி சொல்ல வைத்துக் கேட்டார்.

“நான் ஏறுனா மரம் என்னுதுன்னு ஆயிடும். அவரு ஏறுனா அவருதுன்னு ஆயிடும்.”

“நான் ஏறுறேண்ணே. எனக்கு மரமும் வேணாம், பழமும் வேணாம்” என்றார் செல்வம்.

“யாரு சொல்லி ஏறுனன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவ?”

செல்வம் எடுத்த ஸ்பேனரை மறுபடி பைக்குள் போட்டார்.

மல்லிகா முறத்தை இறக்கி வைத்தார். “இருக்கிற ஒயரே இருக்கட்டும்னு எதுனா வழி பண்ணக்கூடாதா சார்? காலையில படம் வந்துச்சின்னா மாமா எழுந்துட்டாருன்னு தெரியும். சாயந்திரம் பாட்டைப் பாத்துக்கினே இருப்பாரு, சரியா நேரம் வந்தா எனக்குச் சீரியல் வெச்சிடுவாரு. அவருக்குச் சீரியல்னா ஆவாது. வெச்சினு உக்காந்துகினு இருப்பாரு.”

“சும்மா இரு” என்றார் வெள்ளையன். “அவரு ஒண்ணும் உனக்காக வெக்கல.”

“பின்ன யாருக்காம்? அவரு வூட்டு ஆட்டுக்கா?”

வெள்ளையன் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகவே கோபம் வந்தவர் போல உடனே திரும்பி, “எனக்கும் தனியா ஒரு குடை போட்டுடு” என்று செல்வத்திடம் சொன்னார். செல்வம் கூடுதலாக ஒரு டிஷ்ஷும் பாக்ஸும் கொண்டுவந்திருந்தார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டு கூரைகளிலும் இரண்டு டிஷ்கள், இரண்டும் ஒரே திசையைப் பார்த்து. மேலே சொல்லப் போனோம். சடையன் எங்களுக்குத் தேன் கொடுத்தார். “அந்த வூட்ல படம் நல்லா இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

மலைக் கிராமங்களில் துல்லிய ஒளிபரப்பு என்று நாளிதழில் நான்கு வரி வந்தது. நான்கும் சரியான வரிகள். மரத்தைப் பற்றி எழுதினாலும் வெட்டியிருப்பார்கள்.

அடுத்த பழக்காலத்துக்கு முன், ஒரு விபத்துச் செய்திக்காகக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போனவன், வேப்ப மரத்தடியில் மல்லிகாவைப் பார்த்தேன். என்னைத் தெரிந்துகொண்டு எழுந்தார். கொஞ்சம் தள்ளி வெள்ளையன் தரையில் குந்தியிருந்தார். சடையனை ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். காலையில்தான் உயிர் போயிருந்தது.

“ஜுரம் சார். எத்தினி நாளா படுத்துக்கினு இருந்தாரோ தெரியல. ஆடு கத்திக்கினே இருக்குதேன்னு ஊராளு ஒருத்தர் போய்ப் பாத்தாரு. நாங்க கீழதான் இருந்தோம். எங்க டிவி நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு.”

வெள்ளையன் தலையைத் தூக்காமல் கேட்டார்: “அந்தச் சின்னப் பெட்டி, சென்னையில கெடைக்கும்னாரே, இன்னும் கெடைக்குதுங்களா?”

தெரியாது என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

பிறகு ஒருமுறை சாலைச் செய்திக்காக மேலே போனபோது அந்தச் சரிவுக்கும் போனேன். மேல் வீடு பூட்டிக் கிடந்தது. மகன் கருமாதி முடிந்ததும் கேரளத்துக்குத் திரும்பிவிட்டான். மரத்துக்கு இப்போது தகராறு இல்லை, வெள்ளையனே எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். பழங்கள் பழையபடி கீழே விழுந்து அழுகிக் கிடந்தன. கீழ் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நகை விளம்பரம், முடிந்ததும் மறுபடி அதே விளம்பரம். ரிமோட் வெள்ளையனின் மடியில் இருந்தது.

“சேனலை மாத்தவே மாட்டேங்கிறாரு சார்” என்றார் மல்லிகா. “என்னையும் மாத்த வுடமாட்டாரு. போட்டா போட்டதுதான், அப்படியே உக்காந்துகினு இருக்கிறாரு.”

இப்போது அந்த மலையில் டிஷ் இல்லாத கூரை அபூர்வம். ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டுக்குப் போவதில்லை. செல்வம் கடையை மூடிவிட்டு ஓசூர் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. நான் கடைசியாகப் பார்த்தபோதும் ஸ்பிளிட்டர் மரத்தில்தான் இருந்தது. புட்டி பிளந்து, மழை நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஒயர்களும் இரண்டு வீடுகளையும் நோக்கித் தொய்ந்து கிடந்தன. இனி யாரும் மரத்தில் ஏறலாம். ஏற ஆள் இல்லை.